ரூட் ஸ்விட்ச்சை நீங்களே முடிவு செய்யுங்கள்: ஸ்பானிங் ட்ரீ அமைப்பது எப்படி

ரேக்கைத் திறந்ததும் எல்லா ஸ்விட்ச்சிலும் எல்லா போர்ட் விளக்கும் ஒரே தாளத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால், அது லூப்: ஸ்விட்ச்சுகளுக்கு நடுவே கேபிள்கள் எங்கோ ஒரு வளையமாக இணைந்துவிட்டன. மற்ற நாட்களில் ஒவ்வொரு விளக்கும் தன் போக்கில் மினுக்கும். லூப் வந்த அன்று மட்டும் ஆள் இல்லாத மேசைக்குப் போகும் போர்ட்கூட மற்றவற்றோடு சேர்ந்து துடிக்கும். ஸ்விட்ச்சின் ஐ.பி.க்கு பிங் போகாது. எஸ்.எஸ்.ஹெச். திறக்காது. கன்சோல் கேபிள் செருகினாலும் அடித்த எழுத்து திரைக்கு வர இரண்டு மூன்று நொடி பிடிக்கலாம்.

ஐ.பி. பாக்கெட்டில் டி.டி.எல். என்று ஓர் எண் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறைந்து, பூஜ்யமானதும் பாக்கெட் ஒழிந்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அப்படி ஓர் ஆயுள் எண் கிடையாது. வளையத்துக்குள் நுழைந்த ஒரு பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் அனுப்பும் செய்தி), யாராவது கேபிளைப் பிடுங்கும் வரை சுற்றும். ஒரு ஜிகாபிட் லிங்கில் 64 பைட் ஃபிரேம்கள் நொடிக்கு அதிகபட்சம் 14,88,095 போக முடியும். ‘இந்த ஐ.பி. யாருடையது’ என்று எல்லாரிடமும் கேட்கும் ஏ.ஆர்.பி. கேள்விகள் சில வளையத்தில் மாட்டினாலே லிங்க் அந்த அளவை எட்டிவிடும். அத்தனை நகலும் அந்த விலேனில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க்) உள்ள எல்லா கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேரும். ஸ்விட்ச்சோ ஒரே மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் எண்) இந்த நொடி ஒரு போர்ட்டிலும் அடுத்த நொடி இன்னொரு போர்ட்டிலும் பார்த்துக் குழம்பும். லாகில் ‘மேக் ஃபிளாப்’ என்று வரிசையாக விழுவது அதனால்தான்.

உபரிக் கேபிள்களை அடைத்துவைத்து இதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ முறையை 1985-இல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷனில் இருந்த ரேடியா பெர்ல்மன் வகுத்தார். 1990-இல் அது 802.1டி என்ற தரமாக வந்தது. 2001-இல் 802.1டபிள்யூ என்ற வேகமான வடிவம் வந்தது. அதைத்தான் ராபிட் ஸ்பானிங் ட்ரீ என்கிறோம். 2004 பதிப்பில் பழைய வடிவத்தையே நீக்கிவிட்டு ராபிட்டை அந்த இடத்தில் வைத்தார்கள். இன்று புதிதாக அமைப்பவர் பழைய வடிவத்தைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் இல்லை.

மேனேஜ்டு ஸ்விட்ச் (நாம் அமைத்துக்கொள்ளக்கூடியது) பலவற்றில் ஸ்பானிங் ட்ரீ பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஓடிக்கொண்டிருக்கும். லூப் வராது. அதனாலேயே யாரும் அதைத் தொடுவதில்லை. ஆனால் அது ‘ஓடுவது’ வேறு, ‘அமைப்பது’ வேறு. அமைக்காமல் விட்டால் நெட்வொர்க்கின் நடுநாயகம் எது என்பதை ஸ்விட்ச்சுகள் தமக்குள் தேர்தல் வைத்து முடிவு செய்துகொள்ளும். அந்தத் தேர்தலில் பெரும்பாலும் ஜெயிப்பது இருப்பதிலேயே பழைய ஸ்விட்ச்.

எப்படி என்று பார்ப்போம். ஒவ்வொரு ஸ்விட்ச்சுக்கும் பிரிட்ஜ் ஐ.டி. என்று 8 பைட் எண் உண்டு. முதல் 2 பைட் பிரையாரிட்டி, மீதி 6 பைட் ஸ்விட்ச்சின் மேக் முகவரி. எண் யாருக்குக் குறைவோ அவரே ரூட், அதாவது அந்த நடுநாயகம். எல்லாரும் 32768 என்ற அதே பிரையாரிட்டியோடுதான் கம்பெனியிலிருந்து வருகிறார்கள். எனவே போட்டி மேக் முகவரிக்குப் போகிறது. ஒரே தயாரிப்பாளரின் ஸ்விட்ச்சுகளில் பழையவற்றுக்குப் பெரும்பாலும் சிறிய மேக் எண்தான் இருக்கும்.

மூன்று மாடி அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வர் அறையில் எல்லா மாடிக்கும் மையமான கோர் ஸ்விட்ச். தரைத்தளத்தில் பேக்கப் கோர். இரண்டுக்கும் நடுவே இரண்டு ஜிகாபிட் கேபிளைச் சேர்த்துக் கட்டிய ஒரு லிங்க். முதல், இரண்டாம் மாடிகளில் 48 போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச். ஒவ்வொன்றிலிருந்தும் கோருக்கு ஒரு கேபிள், பேக்கப்புக்கு ஒரு கேபிள். மூன்றாம் மாடியில் மட்டும் மாற்றாமல் விட்ட பழைய 100 எம்.பி. (நொடிக்கு 100 மெகாபிட்) ஸ்விட்ச், அதற்கும் அதேபோல் இரண்டு அப்லிங்க். யாரும் எதையும் அமைக்கவில்லை. மூன்றாம் மாடிப் பழையது ரூட் ஆகிறது.

ரூட்டுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு லிங்குக்கும் ஒரு செலவு எண் உண்டு; மொத்தம் குறைந்த பாதையே திறந்திருக்கும். இப்போது அந்தப் பாதைச் செலவைக் கூட்டிப் பாருங்கள். வழக்கமான குறுகிய கணக்கில் 100 எம்.பி. லிங்குக்கு 19, ஜிகாபிட்டுக்கு 4, 10 ஜிகாபிட்டுக்கு 2. சேர்த்துக் கட்டிய இரண்டு ஜிகாபிட்டுக்கு 3. கோரிலிருந்து ரூட்டுக்கு நேரடிச் செலவு 19. பேக்கப்பிலிருந்து நேரடியாக 19. கோர் வழியாகப் போனால் 3 கூட்டல் 19, அதாவது 22. எனவே இருவரும் நேரடிப் பாதையையே எடுப்பார்கள். கோருக்கும் பேக்கப்புக்கும் நடுவே இருக்கும் நல்ல அகலமான லிங்க் ஒரு முனையில் அடைபட்டுவிடும். முதல் மாடிக்கு இரு பக்கமும் 23. சமமானால் எதிரே இருப்பவரின் பிரிட்ஜ் ஐ.டி. எது குறைவோ அங்கே போகும். அது பேக்கப்பாக இருந்தால், முதல் மாடிக்காரர் சர்வரைத் தொடும் ஒவ்வொரு முறையும் பாக்கெட் பேக்கப்புக்குப் போய், மூன்றாம் மாடிக்கு 100 எம்.பி. கேபிளில் ஏறி, இன்னொரு 100 எம்.பி. கேபிளில் கோருக்கு இறங்கும். லூப் இல்லை, எந்த அலாரமும் இல்லை, ‘நெட்வொர்க் ஸ்லோ’ என்ற புகார் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அந்தப் பழைய ஸ்விட்ச்சை யாராவது ஆஃப் செய்தால் மொத்தக் கட்டடமும் ஒரு முறை குலுங்கும்.

ஆகவே முதல் வேலை, ஒரு தாளில் எல்லா ஸ்விட்ச்சையும் கேபிளையும் வரைந்து, ரூட் எது, ரூட் போனால் அடுத்தது எது, எந்தக் கேபிள் சும்மா நிற்கவேண்டும் என்று குறிப்பது. இந்தத் தாள் இல்லாமல் கன்சோலைத் தொடாதீர்கள்.

கீழே வரும் கட்டளைகள் சிஸ்கோ கேட்டலிஸ்ட் ஸ்விட்ச்சுக்கானவை. உச்சரிப்பைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ராபிட்டுக்கு மோடை மாற்றுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா செருகும் போர்ட்களை எட்ஜ் போர்ட் என்று குறிப்பது. பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். ராபிட் முறையில் இதுதான் முதலில் வரவேண்டும். ராபிட்டில் ஒரு புதிய அப்லிங்க் உயிர்பெறும்போது ஸ்விட்ச் எதிர் ஸ்விட்ச்சோடு பேசி ஒப்புக்கொள்வதற்கு முன், தன் எட்ஜ் அல்லாத மற்ற போர்ட்களை ஒரு கணம் அடைக்கும். எதிரே ஸ்விட்ச் இருந்தால் பதில் உடனே வந்து போர்ட் திறந்துவிடும். எதிரே கம்ப்யூட்டர் இருந்தால் அது இந்த மொழியில் பதில் சொல்லாது. அப்போது 15 நொடி, இன்னொரு 15 நொடி, மொத்தம் 30 நொடி அந்தப் போர்ட் மூடிக் கிடக்கும். ‘ராபிட் போட்டும் 30 நொடி கட் ஆகிறதே’ என்ற புலம்பலில் பெரும்பாலானவை இதில்தான் முடியும்.

இன்டர்ஃபேஸ் ரேஞ்ச் கிகாபிட்ஈதர்நெட் 1/0/1 - 48
ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்
ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட்
ஸ்பானிங்-ட்ரீ பிபிடியூகார்டு எனேபிள்

இங்கே 49 முதல் 52 வரை அப்லிங்க் என்பதால் 48-உடன் நிறுத்தியிருக்கிறேன். அப்லிங்க் ஒன்று தவறி இந்த வரம்புக்குள் விழுந்தால் பி.பி.டி.யூ. கார்டு (கீழே விளக்குகிறேன்) அதை உடனே மூடிவிடும். நீங்கள் அந்த அப்லிங்க் வழியாகத்தான் உள்ளே வந்திருந்தால் ஸ்விட்ச்சைத் தேடி மாடி ஏறவேண்டியதுதான். வரம்பை அடிப்பதற்கு முன் ‘ஷோ சிடிபி நெய்பர்ஸ்’ பார்த்து அப்லிங்க் எந்தப் போர்ட்டில் வருகிறது என்று சரிபாருங்கள்.

எட்ஜ் என்று குறிப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. எட்ஜ் இல்லாத போர்ட்டில் கம்ப்யூட்டரை ஆன் செய்தால், லிங்க் வந்த பிறகும் போர்ட் 30 நொடி எதையும் கடத்தாது. டி.ஹெச்.சி.பி. சர்வரிடம் ஐ.பி. முகவரி கேட்டுக் கேட்டு ஓய்ந்து, கம்ப்யூட்டர் 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். நெட்வொர்க் பூட் தோற்றுப்போகும். இதற்கு டி.ஹெச்.சி.பி. சர்வரைக் குடைந்து பயனில்லை. மேலும், எட்ஜ் அல்லாத போர்ட் ஒவ்வொன்றும் எழும்போது டோபாலஜி, அதாவது இணைப்பு அமைப்பு, மாறியதாகச் செய்தி கிளம்பும். அதைக் கேட்டதும் மற்ற ஸ்விட்ச்சுகள் கற்றுவைத்த மேக் முகவரிகளை அழித்துவிட்டு, அந்தப் பாக்கெட்களை எல்லா போர்ட்டிலும் வாரி இறைக்கும். காலை ஒன்பதரைக்கு 200 கம்ப்யூட்டர் ஆன் ஆகும் அலுவலகத்தில் இது 200 முறை நடக்கும்.

பி.பி.டி.யூ. என்பது ஸ்விட்ச்சுகள் 2 நொடிக்கு ஒரு முறை பேசிக்கொள்ளும் சிறு செய்தி. கம்ப்யூட்டர் அதை அனுப்பாது. எட்ஜ் போர்ட்டில் அது வந்தால் யாரோ அங்கே ஸ்விட்ச் செருகியிருக்கிறார்கள், அல்லது கேபிள் சுற்றி நம்மிடமே திரும்பியிருக்கிறது. பி.பி.டி.யூ. கார்டு அந்தப் போர்ட்டை ‘எர்-டிசேபிள்’ நிலையில் மூடிவிடும். அலுவலகங்களில் நடக்கும் லூப்பில் ஐ.பி. ஃபோனுக்குப் பெரிய பங்கு உண்டு. ஃபோனின் முதுகில் இரண்டு துளை: ஒன்று சுவருக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு. மேசையை நகர்த்தும்போது கழற்றிய இரண்டு கேபிளையும் சுவரில் இருக்கும் இரண்டு துளையிலேயே திருப்பிச் செருகிவிடுவார்கள். ஃபோனுக்குள் இருப்பது ஒரு சின்ன ஸ்விட்ச். அது நம் ஸ்விட்ச்சின் இரண்டு போர்ட்டை இணைத்துவிடும். கார்டு இருந்தால் அந்த இரண்டில் ஒன்று, சில சமயம் இரண்டுமே, மூடிக்கொள்ளும். பாதிப்பு அந்த ஒரு மேசையோடு நின்றுவிடும்.

மூடிய போர்ட்டை ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்டேட்டஸ் எர்-டிசேபிள்டு’ என்று பார்க்கலாம். திறக்க அந்தப் போர்ட்டில் ‘ஷட்டவுன்’, பிறகு ‘நோ ஷட்டவுன்’. தானாகத் திறக்கவேண்டுமானால்:

எர்டிசேபிள் ரெக்கவரி காஸ் பிபிடியூகார்டு
எர்டிசேபிள் ரெக்கவரி இன்டர்வல் 300

300 நொடி என்பது கம்பெனி அமைப்பு. ஆள் இல்லாத கிளை அலுவலகங்களுக்கு இதைப் போடுவேன். ஆள் இருக்கும் கட்டடத்தில் போடமாட்டேன். போர்ட் மூடியே இருந்தால்தான் சம்பந்தப்பட்டவர் வந்து சொல்வார், நாமும் போய்க் கேபிளைப் பார்ப்போம்.

பெயரில் மிக நெருக்கமான இன்னொன்று பி.பி.டி.யூ. ஃபில்டர். கார்டு காவல்காரன் என்றால், போர்ட்டில் தனியாகப் போட்ட ஃபில்டர் காதைப் பொத்திக்கொள்வது. அந்தப் போர்ட் செய்தி அனுப்பவும் செய்யாது, வந்ததைக் கேட்கவும் செய்யாது. அங்கே ஸ்பானிங் ட்ரீ இல்லை என்றே பொருள். கார்டு போட்டதால் போர்ட் மூடுகிறது என்று எரிச்சலில் ஃபில்டர் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வரி கான்ஃபிகில் இருந்தால் காரணம் விசாரித்துவிட்டு எடுத்துவிடுங்கள்.

சர்வர் போர்ட் பற்றி ஒரு வார்த்தை. வி.எம்.வேர் ஈ.எஸ்.எக்ஸ். ஓடும் சர்வருக்குப் பல விலேன்களைச் சுமக்கும் ட்ரங்க் போர்ட் கொடுத்திருப்போம். அதன் உள்ளே இருக்கும் மெய்நிகர் ஸ்விட்ச் ஸ்பானிங் ட்ரீ பேசாது. அங்கே ‘ஸ்பானிங்-ட்ரீ போர்ட்ஃபாஸ்ட் ட்ரங்க்’ என்று தனியாகப் போடவேண்டும்; வெறும் ‘போர்ட்ஃபாஸ்ட்’ ட்ரங்க்கில் வேலை செய்யாது.

எட்ஜ் முடிந்தது. இனி மோடும் ரூட்டும். அலுவலக நேரம் முடிந்த பிறகு செய்யுங்கள். மோடை மாற்றும்போது அந்த ஸ்விட்ச்சில் ஸ்பானிங் ட்ரீ முதலிலிருந்து தொடங்கும். கோரில்:

ஸ்பானிங்-ட்ரீ மோட் ராபிட்-பிவிஎஸ்டி
ஸ்பானிங்-ட்ரீ விலேன் 1,10,20,30 பிரையாரிட்டி 4096

பேக்கப்பில் அதே இரண்டு வரி, பிரையாரிட்டி 8192. மாடி ஸ்விட்ச்சுகளில் மோட் வரி மட்டும். பிரையாரிட்டி 32768-ஆகவே இருக்கட்டும்.

பிரையாரிட்டி 4096-இன் மடங்காகத்தான் இருக்கவேண்டும்: 0 முதல் 61440 வரை மொத்தம் 16 படி. 2 பைட்டில் மேல் 4 பிட் மட்டுமே நமக்கு. மீதி 12 பிட்டில் விலேன் எண் உட்கார்ந்திருக்கிறது. 5000 என்று அடித்தால் ஸ்விட்ச் ஏற்காது. ரூட்டுக்கு 0 கொடுக்காமல் 4096 கொடுப்பது ஏன் என்றால், நாளைக்குக் கோரை மாற்றும்போது புதியதை 0 என்று ஏற்றி, பழையதைத் தொடாமலே ரூட் பதவியை நகர்த்த ஓர் இடம் இருக்கும்.

‘ரூட் பிரைமரி’ என்று ஒரு குறுக்குவழிக் கட்டளை உண்டு. அது அந்த நேரத்தில் யார் ரூட் என்று பார்த்து, வழக்கமாக 24576 என்றோ, இருப்பவர் அதற்கும் குறைவாக இருந்தால் அவரைவிட 4096 குறைத்தோ எழுதிவிட்டுப் போய்விடும். அதன் பிறகு காவல் காக்காது. மறுநாள் இன்னும் குறைந்த எண்ணோடு யாராவது வந்தால் பதவி போய்விடும். எண்ணை நேராக எழுதுவதே நல்லது. கான்ஃபிகைப் படிப்பவருக்கும் புரியும்.

சரிபார்க்க ‘ஷோ ஸ்பானிங்-ட்ரீ விலேன் 10’. கோரில் ‘திஸ் பிரிட்ஜ் இஸ் த ரூட்’ என்று வரவேண்டும். பிரையாரிட்டி 4106 என்று காட்டும். பயப்படவேண்டாம், 4096-உடன் விலேன் எண் 10 கூடியிருக்கிறது. மாடி ஸ்விட்ச்சில் அதே கட்டளையை அடித்தால் கோருக்குப் போகும் அப்லிங்க் ‘ரூட்’ என்றும், பேக்கப்புக்குப் போவது ‘ஆல்ட்டர்னேட், பி.எல்.கே.’ என்றும் இருக்கவேண்டும். கையில் இருக்கும் தாளோடு ஒப்பிடுங்கள்.

அதே வெளியீட்டின் வலது ஓரத்தில் ‘டைப்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. பலர் கண் அங்கே போவதில்லை. அப்லிங்கில் ‘பி2பி’ என்று இருந்தால் நலம். ‘எஸ்.ஹெச்.ஆர்.’ என்று இருந்தால் லிங்க் ஹாஃப் டூப்ளக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) ஓடுகிறது; ராபிட்டின் வேகம் அந்த லிங்கில் கிடைக்காது. பழைய மீடியா கன்வெர்ட்டர், ஒரு முனையில் மட்டும் கையால் ஸ்பீடு, டூப்ளக்ஸ் போட்டது ஆகியவைதான் வழக்கமான காரணம். ‘பியர் எஸ்.டி.பி.’ என்று சேர்ந்து வந்தால் எதிர் முனை பழைய வடிவத்தில் பேசுகிறது. எதிர் முனையை மாற்றிய பிறகும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால் ‘கிளியர் ஸ்பானிங்-ட்ரீ டிடெக்டட்-புரோட்டோகால்ஸ்’ என்று தட்டி எழுப்புங்கள்.

விலேன் எண்களைப் பட்டியலாகக் கொடுத்தோம் அல்லவா, அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பின்னால் விலேன் 40 சேர்த்தால் அதற்குப் பிரையாரிட்டி 32768-தான். அந்த ஒரு விலேனுக்குப் பழைய ஸ்விட்ச் ரூட் ஆகிவிடும். ‘விலேன் 1-4094’ என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கேட்டலிஸ்ட் 2960, 3750 வரிசையில் ஸ்பானிங் ட்ரீ 128 விலேனுக்கு மட்டுமே தனித்தனியாக ஓடும். 129-ஆவது விலேன் சேர்ந்தால் அதற்குப் பாதுகாப்பு இல்லாமல் போகும். அத்தனை விலேன் இருக்கும் இடத்தில் பல விலேன்களை ஒரே மரத்தில் தொகுக்கும் எம்.எஸ்.டி.பி.க்கு மாறுவதே வழி.

அடுத்தது காவல் இரண்டு. ரூட் கார்டு, கோரின் மாடிப் பக்கப் போர்ட்களில்:

ஸ்பானிங்-ட்ரீ கார்டு ரூட்

அந்தப் பக்கத்திலிருந்து யார் ‘நான்தான் ரூட்’ என்று வந்தாலும் கோர் அந்தப் போர்ட்டை அடைத்துவிடும். அவர் அடங்கியதும் தானாகத் திறக்கும். இதைப் பேக்கப் கோரின் மாடிப் பக்கப் போர்ட்களிலும் அப்படியே ஒட்டிவிடாதீர்கள். கோருக்கும் பேக்கப்புக்கும் நடுவே இருக்கும் லிங்க் அறுந்தால், பேக்கப் ஒரு மாடி ஸ்விட்ச் வழியாகத்தான் ரூட்டை அடையவேண்டும். அங்கே ரூட் கார்டு இருந்தால் உண்மையான ரூட்டின் செய்தியையே ஊடுருவல் என்று நினைத்து அடைத்து, பேக்கப் தனித்தீவாகிவிடும்.

லூப் கார்டு, மாடி ஸ்விட்ச்சின் அப்லிங்க்களில்:

ஸ்பானிங்-ட்ரீ கார்டு லூப்

ஃபைபரில் இரண்டு இழை: ஒன்று அனுப்ப, ஒன்று பெற. பெறும் இழை மட்டும் போய், லிங்க் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் நிலை வரலாம். குறிப்பாக நடுவில் மீடியா கன்வெர்ட்டர் இருந்தால். அடைபட்டிருந்த அப்லிங்குக்கு எதிரிலிருந்து செய்தி வருவது நின்றுவிடும். ‘எதிரே யாரும் இல்லை போலிருக்கிறது’ என்று அது தன்னைத் திறந்துகொள்ளும். அனுப்பும் இழை நன்றாக இருப்பதால் லூப் உருவாகிவிடும். லூப் கார்டு இருந்தால் செய்தி நின்ற போர்ட் திறக்காமல் ‘லூப் இன்கன்சிஸ்டன்ட்’ என்று நிற்கும். ரூட் கார்டும் லூப் கார்டும் ஒரே போர்ட்டில் சேர்ந்திருக்காது. கட்டளை ‘ஷோ ஸ்பானிங்-ட்ரீ இன்கன்சிஸ்டன்ட்போர்ட்ஸ்’ இரண்டு வகையில் அடைபட்டவற்றையும் காட்டும்.

கோருக்கும் பேக்கப்புக்கும் இடையே இரண்டு கேபிள் போட்டால் ஸ்பானிங் ட்ரீ ஒன்றை அடைத்துவிடும். இரண்டையும் பயன்படுத்த, கேபிள்களை ஒரே லிங்காகச் சேர்க்கும் எல்.ஏ.சி.பி.யால் கட்டுங்கள்: இரு முனையிலும் ‘சேனல்-குரூப் 1 மோட் ஆக்டிவ்’. ‘மோட் ஆன்’ வேண்டாம். ஒரு முனையில் ‘ஆன்’ போட்டு மறுமுனையில் கட்ட மறந்தால் அதுவே லூப்புக்கு வழி. ‘ஆக்டிவ்’ என்றால் எதிர் முனை ஒப்புக்கொள்ளாமல் கட்டு சேராது.

வேறு கம்பெனி ஸ்விட்ச்சுகளோடு கலந்திருந்தால் கவனமாக இருக்கவேண்டும். பி.வி.எஸ்.டி. என்பது சிஸ்கோவின் சொந்த ஏற்பாடு, விலேனுக்கு ஒரு மரம். மற்றவர்களுக்கு அந்தச் செய்திகள் வெறும் மல்டிகாஸ்ட். விலேன் 1-க்கு மட்டும் சிஸ்கோ பொதுத் தரத்தின் 01-80-சி2-00-00-00 முகவரிக்கும் செய்தி அனுப்புவதால் அது மட்டும் புரியும். ‘பாதுகாப்புக்காக’ என்று ட்ரங்க்கின் நேட்டிவ் விலேனை (விலேன் எண் ஒட்டாமல் போகும் ஒன்று) ஒரு முனையில் மட்டும் மாற்றுகிறவர்கள் இங்கே வசமாக மாட்டிக்கொள்வார்கள். கலப்பு நெட்வொர்க்கில் எல்லாவற்றையும் எம்.எஸ்.டி.பி.க்கு மாற்றுவதே என் தேர்வு. ரீஜன் பெயர், ரிவிஷன் எண், விலேன் பட்டியல் மூன்றும் எல்லா ஸ்விட்ச்சிலும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும். பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபட்டால்கூட அது வேறு ரீஜன்.

மற்றவர்களிடம் சொல் மாறும், பொருள் மாறாது. ஹெச்.பி. புரோகர்வில் பிரையாரிட்டி 0 முதல் 15 வரை. 1 என்றால் 4096. அங்கே எட்ஜ் போர்ட்டுக்கு ‘அட்மின்-எட்ஜ்-போர்ட்’, கார்டுக்கு ‘பிபிடியூ-புரொடெக்‌ஷன்’. ஜூனிப்பரில் ‘பிரிட்ஜ்-பிரையாரிட்டி 4கே’, ‘பிபிடியூ-பிளாக்-ஆன்-எட்ஜ்’. மைக்ரோடிக்கில் பிரையாரிட்டி பதினாறடிமான எண்ணாக இருக்கும்: 0எக்ஸ்1000 என்பதே 4096. பாதைச் செலவை மட்டும் தவறாமல் பாருங்கள். சில ஸ்விட்ச் குறுகிய கணக்கில் ஜிகாபிட்டுக்கு 4 போடும், சில நீண்ட கணக்கில் 20,000 போடும். இரண்டும் கலந்தால் நேர் பாதையை விட்டுச் சுற்றுப்பாதை ‘மலிவு’ என்று தெரியும். சிஸ்கோவில் ‘ஸ்பானிங்-ட்ரீ பாத்காஸ்ட் மெத்தட் லாங்’ போட்டு எல்லாரையும் நீண்ட கணக்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மேசைக்கடியில் கிடக்கும் ஐந்து போர்ட் அன்மேனேஜ்டு பெட்டிதான் உண்மையான தலைவலி. அதற்கு ஸ்பானிங் ட்ரீ தெரியாது. சில பெட்டிகள் பி.பி.டி.யூ.வை அப்படியே கடத்தும். அதிலேயே ஒரு கேபிளின் இரு முனையையும் செருகினால் நம் செய்தி நமக்கே திரும்பி வந்து கார்டு மூடிவிடும். சில பெட்டிகள் அதை விழுங்கிவிடும். அப்போது ஸ்பானிங் ட்ரீக்கு லூப் நடப்பதே தெரியாது, புயல் மட்டும் வரும். அதற்கு ஸ்டார்ம் கன்ட்ரோல்:

ஸ்டார்ம்-கன்ட்ரோல் பிராட்காஸ்ட் லெவல் 1.00
ஸ்டார்ம்-கன்ட்ரோல் ஆக்‌ஷன் ஷட்டவுன்

ஜிகாபிட் போர்ட்டில் 1 சதவீதம் என்றால் 10 எம்.பி.; ஒரு மேசைக்கு பிராட்காஸ்ட் அவ்வளவு வர வழியே இல்லை. ஹெச்.பி., டி-லிங்க், மைக்ரோடிக் போன்றவற்றில் லூப்பைக் கண்டுபிடிக்கத் தனி வசதியே இருக்கிறது. அதையும் எட்ஜ் போர்ட்களில் ஆன் செய்யுங்கள்.

டைமர்களைத் தொடவேண்டாம். ஹலோ 2, மேக்ஸ் ஏஜ் 20, ஃபார்வர்டு டிலே 15 ஆகிய மூன்றும் நெட்வொர்க்கின் எந்த இரு முனைக்கும் நடுவே அதிகபட்சம் 7 ஸ்விட்ச்தான் இருக்கும் என்று கணக்கிட்டுப் போட்டவை. ஸ்விட்ச்சிலிருந்து ஸ்விட்ச், அதிலிருந்து ஸ்விட்ச் என்று சங்கிலியாகத் தொடுக்கும் பழக்கம் அந்தக் கணக்கை உடைக்கும். 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் நெட்வொர்க் ஏறக்குறைய நான்கு நாள் படுத்தது. மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். எக்ஸ்ரே படங்களைச் சேமிக்கும் நெட்வொர்க் கோரிலிருந்து 10 தாண்டல் தள்ளி இருந்தது காரணங்களில் ஒன்று. தரமான ஸ்விட்ச் வாங்குவதைவிட, மாடி ஸ்விட்ச் ஒவ்வொன்றையும் நேராகக் கோருக்கு இழுப்பது முக்கியம்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. முதல் மாடிக் கம்ப்யூட்டரில் கேட்வேக்கு ‘பிங் -டி’ ஓடவிட்டு, அந்த மாடியின் கோர் அப்லிங்க்கை உருவுங்கள். ராபிட் சரியாக அமைந்திருந்தால் ஒன்று, அதிகம் போனால் இரண்டு பிங் தவறும். விண்டோஸில் பதில் வராத ஒவ்வொரு பிங்கும் 4 நொடி காத்திருக்கும். ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ ஏழெட்டு வரி வந்தால் 30 நொடி போயிருக்கிறது, ஏதோ ஓர் இடத்தில் ராபிட் ஓடவில்லை என்று பொருள். கேபிளைத் திரும்பச் செருகும்போதும் பார்க்கவேண்டும். போகும்போது சுமுகமாகப் போய், திரும்பும்போது 30 நொடி கட் ஆனால் எட்ஜ் குறிக்காத போர்ட் எங்கோ இருக்கிறது. பிறகு கோரையே ஆஃப் செய்து, ஒவ்வொரு மாடியிலும் பேக்கப் ரூட் ஆனதா என்று பாருங்கள்.

ஒரு வாரம் கழித்து ஒரு முறை இதை அடியுங்கள்:

ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீட்டெயில் | இன்க்ளூடு எக்ஸிக்யூட்டிங்|அக்கர்|ஃபிரம்

ஒவ்வொரு விலேனிலும் டோபாலஜி எத்தனை முறை மாறியது, கடைசியாக எப்போது, எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்று காட்டும். எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியிருந்து ‘கடைசியாக 12 நொடிக்கு முன்’ என்று இருந்தால், ‘ஃபிரம்’ காட்டும் போர்ட்டின் எதிர் முனை ஸ்விட்ச்சுக்குப் போய் அதே கட்டளையை அடியுங்கள். அது காட்டும் போர்ட்டின் எதிர் முனைக்கு அடுத்து. இப்படியே பின்தொடர்ந்தால் கடைசியில் அடிக்கடி விழுந்து எழும் ஒரு கேபிளிலோ, எட்ஜ் குறிக்க விட்டுப்போன ஒரு பிரிண்டர் போர்ட்டிலோ போய் நிற்பீர்கள். கேபிள் என்றால் மாற்றுங்கள், பிரிண்டர் என்றால் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். ‘ரைட் மெமரி’ அடித்துவிட்டு, ரூட், பேக்கப், அடைபட்ட போர்ட் மூன்றையும் குறித்த அந்தத் தாளை ரேக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.